சாத்துக்குடி, ஆரஞ்சு வைக்கப் போறவங்களுக்கு: வேர்ச்செடிய எப்படிப் பாக்கணும், கிரீனிங் வந்தா என்ன பண்ணணும்

பண்ருட்டின்னா பலா, முந்திரி, அதனால நம்ம பக்கத்துல ஆரஞ்சு சாத்துக்குடியெல்லாம் எதுக்குன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, ஆனா கடலூர்ல இருந்து புதுச்சேரி வரைக்கும் எந்தத் தெருவுல நொழஞ்சாலும் கொல்லைல ஒரு எலுமிச்சையோ நார்த்தங்காயோ இருக்கத்தான் செய்யுது, இப்போ செம்மண் நிலம் வெச்சிருக்குறவங்க அரை ஏக்கர் ஒரு ஏக்கர் சாத்துக்குடி போட்டுப் பாக்கலாமான்னும் கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. எந்த ரகம் நல்லா காய்க்கும், எவ்ளோ உரம் போடணும்னுதான் எல்லாரும் எடுத்தவுடனே கேக்குறாங்க. அதெல்லாம் அப்புறம். மொதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது இந்தக் கன்னுக்கு அடியில இருக்குற வேர் என்ன ஜாதி, மேல கட்டுன மொட்டு எந்தத் தாய்மரத்துல இருந்து வந்துச்சுங்கறதுதான். மரம் இருபது வருஷம் நிக்குமா, அஞ்சாவது வருஷமே மஞ்சளிச்சுப் போய் வெட்ட வேண்டி வருமாங்கறது பாதி இங்கயே முடிவாயிடுது. மீதிப் பாதி கிரீனிங் நோயைக் கொண்டு வர்ற பூச்சிய எவ்ளோ சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம்ங்கறதுல இருக்கு. கிரீனிங்னா எலுமிச்சை, ஆரஞ்சு குடும்ப மரங்களுக்கு வர்ற ஒரு பாக்டீரியா நோய், இலை மஞ்சளாகி மரம் கெட்டுப் போகும், குணமாக்குற மருந்து இல்ல.

புதுசா ஆரம்பிக்கிறவங்க எந்த வரிசைல போகணும்னு அப்படியே எழுதுறேன்.

1. நம்ம ஊருக்கு எது சரிப்படும்

கமலா ஆரஞ்சு கொடைக்கானல் கீழ்மலை, குடகு மாதிரி இடத்துல நல்லா வர்ற மரம், நம்ம கடலோரத்துல வெச்சா உயிரோட இருக்கும், காய்க்கவும் செய்யும், ஆனா ராத்திரி குளிர் இல்லாததால தோல் கலர் மாறாது, ருசியும் அந்த அளவுக்கு ஏறாது. சாத்துக்குடி தாங்கும். அதுவும் ஆரஞ்சு ஜாதிதான், ஸ்வீட் ஆரஞ்சுன்னு சொல்றது அதைத்தான். எலுமிச்சை இன்னும் சுலபம், பெரியகுளத்துல வெளியிட்ட பிகேஎம் 1 ரகம் விதைக்கன்னாவே வைக்கலாம், ஒட்டே வேண்டாம்.

இங்க ஒரு குழப்பத்தை ஆரம்பத்துலயே தீர்த்துடணும். நம்ம ஊர்ல சாத்துக்குடி பழுத்தாலும் தோல் பச்சையாவோ பச்ச மஞ்சளாவோதான் இருக்கும், அது வெப்பத்தால வர்றது, நோய் இல்ல. பழம் பச்சையா இருக்குன்ன உடனே கிரீனிங் வந்துடுச்சுன்னு பயந்து மரத்தை வெட்ட வேண்டாம், கிரீனிங்குக்கு வேற அடையாளங்கள் இருக்கு, கீழ வரும்.

2. மண்ணையும் தண்ணியையும் பாத்துட்டு வேரை முடிவு பண்ணுங்க

ஒட்டுக்கன்னுங்கறது ரெண்டு மரம் சேந்தது. மேல இருக்குறது நாம சாப்பிடுற பழத்தைத் தர்ற ரகம், கீழ இருக்குறது வேர்ச்செடி, ரூட்ஸ்டாக்னு நர்சரில சொல்லுவாங்க. மண்ணோட உப்பு, தண்ணி தேங்குறது, வறட்சி, வேரழுகல் இதையெல்லாம் எதிர்கொள்றது கீழ இருக்குறவன்தான், மேல இருக்குற ரகம் எவ்ளோ ஒசத்தியா இருந்தாலும் கீழ இருக்குறது மண்ணுக்கு ஒத்து வரலன்னா கதை முடிஞ்சுது.

தென்னிந்தியாவுல சாத்துக்குடிக்குப் பெரும்பாலும் ரெண்டு வேர்ச்செடிதான் பொழக்கத்துல இருக்கு. ஒண்ணு ரங்கப்பூர் லைம், இன்னொண்ணு ஜம்பேரி, அதாவது ரஃப் லெமன். ஜம்பேரி வேகமா வளரும், வேர் ஆழமா போகும், மணல் மண்ணையும் செம்மண்ணையும் நல்லா பிடிச்சுக்கும், மரம் பெருசா வரும், ஆனா பழத்துல இனிப்பு கொஞ்சம் கம்மி, தோல் தடிமன், அடித்தண்டு அழுகலுக்கும் நூற்புழுவுக்கும் சீக்கிரம் மாட்டும். ரங்கப்பூர் லைம் வறட்சியத் தாங்கும், உப்பையும் மத்ததைவிட நல்லா தாங்கும், டிரிஸ்டெசாங்கற வைரஸையும் சமாளிக்கும். அடித்தண்டு அழுகல் இதுக்கும் வரும், அதனால ரெண்டுல எதை வெச்சாலும் தண்ணி தேங்கக் கூடாது.

நெல்லிக்குப்பம், பண்ருட்டி, நடுவீரப்பட்டு, ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணுன்னா ரெண்டுல எதுவும் ஓகே, எனக்குக் கேட்டா ரங்கப்பூர்னுதான் சொல்லுவேன். கடலுக்குக் கிட்ட, தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, காலாப்பட்டு மாதிரி இடத்துல போர் தண்ணி கொஞ்சமாவது உப்புக் கரிக்குதுன்னா ரங்கப்பூரத் தவிர வேற யோசிக்காதீங்க, கிளியோபாட்ரா மாண்டரின் வேர்ல கெடைச்சா அதுவும் உப்பத் தாங்கும், ஆனா காய்ப்புக்கு வர லேட்டாகும். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில், பாகூர் மாதிரி நெல்லு வெளையுற களிமண் பூமியா இருந்தா வேரை மாத்தி மட்டும் தப்பிக்க முடியாது, மேட்டுப்பாத்தி போட்டே ஆகணும்.

மூணு இலை ஆரஞ்சுன்னு ஒண்ணு இருக்கு, டிரைஃபோலியேட். அதுவும் அதோட கலப்பினங்களான கரிசோ, ட்ராயர், ஸ்விங்கிள் இதெல்லாமும் வெளிநாட்டு வீடியோவுல அடிக்கடி வரும். வேரழுகலுக்கு நல்ல எதிர்ப்பு இருக்கு, வாஸ்தவம்தான். ஆனா சுண்ணாம்பு கலந்த மண்ணு, பிஹெச் (மண்ணோட அமில-கார அளவு) ஏழரைக்கு மேல போன மண்ணுன்னா இரும்புச்சத்த எடுக்க முடியாம இலை வெளுத்துப் போயிடும், குளோரைடு உப்பும் இதுங்களுக்கு ஆகாது. அமெரிக்காக்காரன் வெச்சிருக்கான்னு நாமளும் ஓடக்கூடாது.

சரி, கிரீனிங்கைத் தடுக்குற வேர்ச்செடி இருக்கான்னா, இல்ல. அழுத்தமா சொல்றேன், இல்ல. ஃபுளோரிடாவுல யுஎஸ் 942 ங்கற வேர்ச்செடி, சுங்கி மாண்டரினையும் ஃபிளையிங் டிராகன்ங்கற மூணு இலை ஆரஞ்சையும் கலந்து பண்ணது, அதுல கட்டுன மரம் நோய் வந்தப்புறமும் மத்த மரத்தைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிச்சுக் காய்க்குதுன்னு நெறைய பேர் வைக்கிறாங்க. அவ்ளோதான். நோய் மேல இருக்குற இலைக்குள்ள பூச்சி குத்தித்தான் வருது, கீழ எந்த வேர் இருந்தாலும் குத்துறத நிறுத்த முடியாது. யாராவது கிரீனிங் வராத கன்னுன்னு சொல்லி ரெண்டு மடங்கு வெலை சொன்னா வாங்காம வந்துடுங்க.

மண் டெஸ்ட்டும் தண்ணி டெஸ்ட்டும் எடுக்காம எறங்காதீங்க. கடலூர் மாவட்டத்துக்கு விருத்தாசலத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, புதுச்சேரிக்காரங்களுக்கு குரும்பாபேட்டுல காமராஜர் பேர்ல இருக்குற நிலையம். ரிப்போர்ட்ல பிஹெச், ஈசி (கரைஞ்ச உப்போட அளவு) ரெண்டும் பாருங்க. தண்ணியோட ஈசி (dS/m கணக்குல) ஒண்ணுக்கு மேல போச்சுன்னா சிட்ரஸுக்கு, அதாவது எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்துக்கு, கஷ்டம் ஆரம்பிக்குதுன்னு அர்த்தம்.

3. நர்சரில கன்னு வாங்குறப்ப

நம்ம பக்கத்து நர்சரிகள்ல இருக்குற சிட்ரஸ் கன்னுல நெறைய ஆந்திராவுல இருந்து லாரில வர்றது, கடியம், கோடூரு பக்கத்துல இருந்து. அதுல தப்பில்ல, ஆனா எந்த மரத்துல இருந்து மொட்டு எடுத்தாங்க, நர்சரி வலைக்குள்ள இருந்துச்சா திறந்தவெளியான்னு நமக்கு இங்க நின்னு தெரியாது. கிரீனிங் பரவுற முக்கிய வழி ரெண்டுதான், ஒண்ணு பூச்சி, இன்னொண்ணு நோயுள்ள மரத்துல இருந்து எடுத்த மொட்டு. விதை மூலமா பரவாது. அதனால விதைக்கன்னுல இந்த பயம் கம்மி, ஒட்டுக்கன்னுல அதிகம்.

கன்னக் கைல எடுத்து நேரா அடித்தண்டப் பாருங்க. ஒட்டு போட்ட எடத்துல லேசா ஒரு முழங்கை மடிஞ்ச மாதிரி வளைவு தெரியும், அதுக்கு மேலயும் கீழயும் பட்டையோட நெறம் வேற வேறயா இருக்கும். அந்த எடம் பை மண்ணுல இருந்து ஒரு சாண் உயரத்துலயாவது இருக்கணும். மண்ணோட ஒட்டிக் கிடந்துச்சுன்னா வேண்டாம், மழைக்காலத்துல மண்ணுத்தண்ணி தெறிச்சு மேல் ரகத்துக்கு நேரா அழுகல் ஏறிடும், வேர்ச்செடி போட்டதோட பலனே போயிடும். அப்புறம் ஒட்டுக்குக் கீழ இருந்து ஏதாவது துளிர் வந்திருக்கான்னு பாருங்க, வந்திருந்தா அதோட இலைய மேல இருக்குற இலையோட வெச்சுப் பாத்தா வேர்ச்செடி என்னன்னு ஒரு ஐடியா கெடைக்கும், மூணு சின்ன இலை ஒரே காம்புல இருந்தா டிரைஃபோலியேட் குடும்பம், ஒத்தை இலையா முள்ளோட கொழுந்து லேசா ஊதா ஓடுனா ரங்கப்பூரோ ஜம்பேரியோ.

பையக் கொஞ்சம் அமுக்கி அடில பாருங்க, ஆணிவேர் பைக்குள்ள வட்டமா சுத்திக்கிட்டுக் கெடந்தா அந்தக் கன்னு காத்துக்கு நிக்காது. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல நம்ம மாவட்டத்து மரமெல்லாம் எப்படிச் சாஞ்சுதுன்னு பாத்தவங்களுக்கு வேர் பத்தித் தனியா சொல்ல வேண்டியதில்ல. இலைல மஞ்சத் திட்டு இருக்குற கன்னு, கொழுந்து சுருண்டு பிசுபிசுன்னு இருக்குற கன்னு ரெண்டையும் பாதி வெலைக்குக் குடுத்தாலும் தொடாதீங்க. "அது சத்துக் கொறைபாடு சார், ஊட்டுல போய் வெச்சா சரியாயிடும்"னு சொல்லுவாங்க. சரியாகலாம், ஆகாமயும் போகலாம், அந்த ரிஸ்க்க நம்ம தோட்டத்துக்குள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது. பில் கேளுங்க, வேர்ச்செடி பேர பில்லுல எழுதச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னு சொன்னா அதுவே ஒரு பதில்.

நாமளே ஒட்டுக் கட்டலாமான்னா தாராளமா. ஜம்பேரி பழத்துல இருந்து விதை எடுத்துக் காய விடாம அன்னிக்கே விதைக்கணும், காஞ்சா மொளைக்காது. ஒரு விதைல ரெண்டு மூணு நாத்து வரும், அதுல ரொம்பக் குட்டையா, இலை வேற மாதிரி இருக்குறதப் புடுங்கிட்டு ஒரே மாதிரி இருக்குறத மட்டும் வெச்சுக்கோங்க. தண்டு பென்சில் கனம் வந்தப்புறம் டி மாதிரி பட்டையக் கீறி மொட்டச் சொருகணும். கை பழகிடும், மொட்டு எடுக்குற மரம் சுத்தமா இருக்கணும்ங்கறதுதான் கஷ்டமான விஷயம்.

4. நடவு

ஜூலைல இருந்து செப்டம்பருக்குள்ள வெச்சுட்டா வடகிழக்கு மழைக்கு முன்னாடி வேர் புடிச்சுக்கும். குழி ரெண்டரை அடிக்கு ரெண்டரை அடி, மரத்துக்கு மரம் சாத்துக்குடிக்கு 7 மீட்டர். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேல ஒரு சாண் இருக்குற மாதிரி வைங்க, குழி மண்ணு அப்புறம் அமுங்கும்ங்கறதையும் கணக்குல எடுத்துக்கிட்டுக் கொஞ்சம் தூக்கியே வைங்க. பாத்தி தண்டுல இருந்து தள்ளி வட்டமா இருக்கட்டும், தண்டைச் சுத்தி மண்ண அணைச்சு மேடாக்கித் தண்ணி தண்டைத் தொடாம பாத்துக்கோங்க. மாட்டுச்சாணியத் தண்டோட ஒட்டிக் குமிக்கிற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு, அத விட்டுடணும்.

மழைக்கு முன்னாடி செப்டம்பர் கடைசில அடித்தண்டுக்கு போர்டோ பசை பூசுங்க. மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணி பத்து லிட்டர், அந்தக் கணக்குல கொஞ்சமா கலந்துக்கலாம், பிளாஸ்டிக் பக்கெட்ல கலக்கணும், இரும்புப் பாத்திரம் கூடாது. பட்டைல பிசின் வடிஞ்சா அந்த எடத்தக் கத்தியால சொரண்டி சுத்தம் பண்ணிட்டுப் பூசணும்.

5. முதல் ரெண்டு வருஷம்

சின்னக் கன்னுதான் எப்பப் பாத்தாலும் துளிர் விட்டுக்கிட்டே இருக்கும், பூச்சிக்குப் புடிச்சது துளிர்தான், அதனால முதல் ரெண்டு வருஷம்தான் ஆபத்து ஜாஸ்தி. வீட்டுல ஒண்ணு ரெண்டு கன்னு வெச்சிருக்குறவங்க 40 மெஷ் பூச்சி வலைய வாங்கிப் பை மாதிரி தெச்சுக் கன்னு மேல போத்தி அடில கட்டிடலாம், நாலு மூங்கில் குச்சி நட்டு வலை இலைய ஒரசாம நிக்க வைங்க. ஃபுளோரிடாவுல இப்போ புதுசா வைக்கிற கன்னுக்கு இதையேதான் பண்றாங்க, தனித்தனி மரத்துக்கு வலைப்பை போட்டு ரெண்டு வருஷம் வரைக்கும் விட்டு வைக்கிறாங்க. பெரிய தோட்டத்துக்குச் செலவு யோசிக்கணும், கொல்லைக்கு இதைவிட நல்ல வழி இல்ல.

ஒட்டுக்குக் கீழ வர்ற போத்த வாரத்துக்கு ஒரு தடவை பாத்து, இளசா இருக்கும்போதே கையால கிள்ளி எடுத்துடுங்க. நம்ம ஆளுங்க நெறைய பேர் செடி தளதளன்னு வருதேன்னு அத விட்டுடுறாங்க, அது வேர்ச்செடி, ரெண்டு வருஷத்துல மேல இருக்குற சாத்துக்குடிய அமுக்கிட்டு முள்ளோட அதுதான் மரமா நிக்கும். சாத்துக்குடின்னு வெச்சேன் ஆரஞ்சு கலர்ல குட்டியா காய்ச்சுப் புளிக்குதுன்னு சொல்றவங்க வீட்டுல போய்ப் பாத்தா முக்காவாசி இதான் நடந்திருக்கும். அதோட இந்தப் போத்துல எப்பவும் கொழுந்து இருக்கறதால பூச்சிக்கு அதுதான் தங்குற எடம்.

6. பூச்சிய எப்படிக் கண்டுபிடிக்கிறது

கிரீனிங்க உண்டாக்குறது ஒரு பாக்டீரியா, மரத்துல, இலைல தயாராகுற சாப்பாட்ட வேருக்குக் கொண்டு போற குழாய்க்குள்ள மட்டும்தான் அது வாழும். அத மரத்துக்கு மரம் எடுத்துட்டுப் போறது சில்லிட்ங்கற குட்டிப் பூச்சி. மூணு நாலு மில்லிமீட்டர்தான் இருக்கும், பழுப்புப் புள்ளி போட்ட றெக்கை, அது உக்காந்திருக்குற தினுசுதான் அடையாளம், தலைய இலையோட வெச்சு பின்பக்கத்தத் தூக்கிக்கிட்டு 45 டிகிரி சாய்வா நிக்கும், சிட்ரஸ்ல வர்ற மத்த சின்னப் பூச்சிங்க பெரும்பாலும் இப்படி உக்காராது. முட்டை மஞ்சளா, கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம, இன்னும் விரியாத கொழுந்து மடிப்புக்குள்ள இருக்கும். குஞ்சு தட்டையா ஆரஞ்சு மஞ்சள் நெறத்துல இருக்கும், பின்னால வெள்ளை மெழுகு நூல் சுருள் சுருளா தொங்கும். பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, அதிக வெலை இல்ல.

முட்டை வைக்கிறது கொழுந்துல மட்டும்தான், குஞ்சு வளர்றதும் அங்கதான். நோயோட வந்த பூச்சி கொழுந்துல குத்தினா பதினஞ்சு நாளைக்குள்ள அந்தக் கொழுந்தே அடுத்த தலைமுறைக் குஞ்சுங்களுக்கு நோயக் குடுக்குற அளவுக்கு வந்துடுது, ஆனா மரத்துல நமக்கு அறிகுறி தெரிய ஆறு மாசமும் ஆகலாம் ரெண்டு வருஷமும் ஆகலாம். மரம் பச்சையா நல்லாதான் இருக்குன்னு நாம நெனச்சுக்கிட்டிருக்கும்போதே அது பக்கத்து மரத்துக்கெல்லாம் நோயக் குடுத்துக்கிட்டு இருக்கும். அதனாலதான் இலையப் பாத்துட்டு மருந்தடிக்கிற கதை இங்க வேலைக்காகாது, கொழுந்தப் பாத்துட்டுதான் அடிக்கணும்.

நம்ம பக்கத்துல கோடை மழை விழுந்தா ஒரு துளிர், ஜூலை ஆகஸ்ட் இடிமழைக்கு ஒண்ணு, அக்டோபர் நவம்பர்ல பெருசா ஒண்ணு, தை மாசி வாக்குல பூவோட சேந்து ஒண்ணு வரும். ஒவ்வொரு துளிரும் அரிசி நீளம் வந்த உடனே தோட்டத்துக்குள்ள எறங்கிடணும். கொழுந்துக்கு அடில ஒரு வெள்ளைப் பேப்பர வெச்சு கிளைய குச்சியால மூணு நாலு தட்டு தட்டுங்க, விழுந்தது என்னன்னு லென்ஸ்ல பாருங்க. மரத்துக்கு நாலு பக்கமும் பாக்கணும், தோட்டமா இருந்தா வரப்போரத்து மரத்த மொதல்ல பாக்கணும், வெளிய இருந்து வர்ற பூச்சி அங்கதான் மொதல்ல எறங்கும்.

இப்போ நம்ம வீட்டுக் கொல்லைக்கு வருவோம். எலுமிச்சைக்குப் பக்கத்துலயே கறிவேப்பிலை இருக்கும், எல்லார் வீட்டுலயும் இருக்கும். கறிவேப்பிலையும் அதே குடும்பம், சில்லிட் அதுல சந்தோஷமா முட்டை வெச்சுப் பெருகும். பறிக்கப் பறிக்க அது துளிர் விட்டுக்கிட்டே இருக்கும், எலுமிச்சைல கொழுந்து இல்லாத காலத்துலயும் பூச்சிக்கு அங்க சாப்பாடு கெடைக்குது. கறிவேப்பிலைய வெட்டுங்கன்னு நான் சொன்னா எந்த வீட்டுலயும் கேக்க மாட்டாங்க, கேக்கவும் வேண்டாம். முடிஞ்ச அளவுக்குத் தள்ளி வைங்க, கொழுந்துல குஞ்சு தெரிஞ்சா அந்த நுனிய ஒடிச்சு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டி வெயில்ல வெச்சுடுங்க. வேலிக்குன்னு நர்சரில காமினின்னு ஒரு செடி குடுப்பாங்க, வெள்ளைப் பூ, ராத்திரில வாசனை தூக்கும், அது கறிவேப்பிலையவிட மோசம், சில்லிட்டுக்கு அது ரொம்பப் புடிக்கும், பாக்டீரியாவும் அதுல தங்கும். சாத்துக்குடி வைக்கப் போறீங்கன்னா காமினி வேலி வேண்டவே வேண்டாம்.

எறும்பயும் கவனிங்க. சில்லிட் குஞ்சு விடுற இனிப்புக்காக எறும்பு அதச் சுத்திக் காவல் நிக்கும். டமாரிக்ஸியான்னு ஒரு குட்டிக் குளவி இருக்கு, நம்ம துணைக்கண்டத்துப் பூர்வீகம்தான், பஞ்சாப் பக்கத்துல இருந்துதான் அத மொதல்ல கண்டுபிடிச்சு எழுதினாங்க, இன்னிக்கு உலகம் பூரா சிட்ரஸ் நாடுங்க அத வளத்துத் தோட்டத்துல விடுது. அது சில்லிட் குஞ்சுக்கு அடில முட்டை வெச்சுக் கொன்னுடும். எறும்பு நின்னா குளவி கிட்ட வர முடியாது. மரத்தண்டுல ஒட்டும் பட்டை கட்டி எறும்பு ஏறாம பண்ணா குளவியும் பொறிவண்டும் நமக்காக வேலை பாக்கும். லென்ஸ்ல பாக்கும்போது பொம்மை மாதிரி உலந்து பழுப்பாகி இலையோட ஒட்டிக் கெடக்குற குஞ்சு தெரிஞ்சா குளவி வேலை செய்யுதுன்னு அர்த்தம், அந்தத் துளிருக்கு மருந்து அடிக்காம விட்டுடலாம்.

அடிக்கணும்னா, கொல்லை மரத்துக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம் போதும். அஞ்சு கிலோ பருப்ப இடிச்சு பத்து லிட்டர் தண்ணில ராத்திரி பூரா ஊற வெச்சு வடிகட்டி நூறு லிட்டராக்கிக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேத்து சாயங்காலம் அடிக்கணும், கொழுந்து உள்மடிப்பு நனையணும். ரெண்டு மரத்துக்கு அரை கிலோ பருப்பு, பத்து லிட்டர்னு கணக்கு போட்டுக்கோங்க. உச்சி வெயில்ல அடிச்சா கொழுந்து கருகும். தோட்ட அளவுல இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம் மாதிரி மருந்துங்க பொழக்கத்துல இருக்கு, ஆனா ரெண்டும் ஒரே குரூப், மாத்தி மாத்தி அடிச்சோம்னு நெனச்சுக்கிட்டு இதையே அடிச்சா பூச்சிக்கு எதிர்ப்பு வந்துடும். லேபிள்ல சிட்ரஸ்னு இருக்கான்னு பாத்து, அளவ வேளாண் அறிவியல் நிலையத்துல கேட்டுட்டு அடிங்க, பூ இருக்குற நேரத்துல கண்டிப்பா வேண்டாம், தேனீ போயிடும்.

7. இலையப் படிக்கிறது

புதுசா வர்றவங்க தடுமாறுறது இங்கதான், அதனால நிதானமா படிங்க. சிட்ரஸ்ல இலை மஞ்சளாக ஆயிரம் காரணம் இருக்கு. துத்தநாகம் கொறஞ்சா இலை சின்னதாகி நரம்புக்கு நடுவுல மஞ்சள் பட்டை விழும். இரும்பு கொறஞ்சா எளங்கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா வலை மாதிரி தெரியும். மக்னீசியம் கொறஞ்சா முத்தின இலைல காம்புப் பக்கம் மட்டும் அம்புமுனை மாதிரி பச்சை நிக்கும். இது எல்லாத்துலயும் ஒரு ஒத்துமை உண்டு, நடுநரம்புக்கு இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே இருக்கும்.

கிரீனிங்ல அப்படி இருக்காது. முத்தின இலை ஒண்ணப் பறிச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் புடிங்க. பேனாவால நடுநரம்புக்கு இடப்பக்கம் ஒரு வட்டம் போடுங்க, அதுக்கு நேரா வலப்பக்கம் ஒரு வட்டம். ரெண்டு வட்டத்துக்குள்ளயும் ஒரே மாதிரி நெறம்னா பெரும்பாலும் சத்துக் கொறைபாடு. ஒண்ணு பச்சையா, இன்னொண்ணு மஞ்சளா, திட்டு நரம்பத் தாண்டிக் கன்னாபின்னான்னு கொட்டி விட்டாப்ல போயிருந்தா சந்தேகப்படணும். அந்த இலை கைக்குக் கொஞ்சம் தடிப்பா, தோல் மாதிரி இருக்கும். இன்னொண்ணு, சத்துக் கொறைபாடுன்னா தோட்டம் பூராவும் இல்லன்னா மரம் பூராவும் ஒரே சீரா தெரியும், கிரீனிங் ஆரம்பத்துல ஒரே ஒரு கிளைல மட்டும் மஞ்சள் கொத்தா தெரியும், மத்த கிளையெல்லாம் பச்சையா இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி கிட்ட கரையக் கடந்துச்சே, அதுக்கப்புறம் தென்பெண்ணை வெள்ளமும் சேந்து வந்து எத்தனை தோட்டத்துல தண்ணி நின்னுச்சுன்னு தெரியும். தண்ணி நின்ன மரத்துல வேர் அழுகுனா நரம்பு மஞ்சளாகும், கிளை நுனி காயும், பாக்க கிரீனிங் மாதிரியே இருக்கும். வெள்ளம் வடிஞ்ச உடனே முடிவு எடுக்காதீங்க, வடிகால் எடுத்து விட்டுட்டு அடுத்த துளிர் வர்ற வரைக்கும் பொறுங்க. புதுத் துளிர் முத்தினப்புறம் அதுலயும் சமச்சீர் இல்லாத திட்டு வந்தா அப்போ பேசலாம்.

பழத்தையும் பாருங்க. நோய் புடிச்ச பழம் ஒரு பக்கம் சப்பையா கோணிப் போயிருக்கும், நீளவாக்குல ரெண்டா வெட்டுனா நடுத்தண்டு வளைஞ்சிருக்கும், விதை கருத்துச் சுருங்கி ஒண்ணுமில்லாம இருக்கும், சாறு கசப்போட உப்புக் கரிக்கிற மாதிரி இருக்கும். நல்ல பழத்துல கலர் அடிப்பக்கத்துல இருந்து ஏறும், நோய்ப் பழத்துல காம்புப் பக்கம் மொதல்ல மஞ்சளாகி அடி பச்சையா நின்னுடும். நம்ம ஊர் வெப்பத்தால வர்ற பச்சை சீரா பழம் பூரா இருக்கும், பழம் கோணாது, விதை நல்லா இருக்கும்.

வீட்டுலயே பண்ணக்கூடிய ஒரு டெஸ்ட் இருக்கு. நோய் இலைல குழாய் அடைச்சுக்கறதால மாவுச்சத்து வெளிய போக முடியாம இலையிலயே தேங்கிடும். நைஸ் உப்புத்தாள் ஒரு துண்டு எடுத்து இலை மேல பத்து இருபது தேய்ப்பு தேய்ச்சு, அந்தத் தாளச் சின்ன பிளாஸ்டிக் கவர்ல ஒரு மில்லி தண்ணியோட போட்டுக் குலுக்கி, மெடிக்கல்ல கெடைக்கிற டிங்ச்சர் அயோடின் ஒரு சொட்டு விடுங்க. தண்ணி கருநீலமா மாறுனா மாவுச்சத்து தேங்கியிருக்கு. சந்தேகமில்லாத நல்ல மரத்து இலையையும் பக்கத்துலயே அதே மாதிரி பண்ணி ஒப்பிட்டாதான் அர்த்தம் இருக்கு. கிளைல பட்டை அடிபட்டிருந்தாலும் இப்படி மாறும், அதனால இது சந்தேகத்தக் கூட்டுற டெஸ்ட்தான், தீர்ப்பு இல்ல. தீர்ப்பு பிசிஆர் டெஸ்ட்தான். திட்டு விழுந்த முத்தின இலைய காம்போட பறிச்சு, பேப்பர்ல சுத்திக் கவர்ல போட்டு வேளாண் அறிவியல் நிலையத்துல காமிச்சு, எங்க அனுப்பலாம்னு கேளுங்க. சிட்ரஸுக்குன்னே நாக்பூர்ல மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு.

8. உறுதியாயிடுச்சுன்னா

குணமாக்குற மருந்து கெடையாது. ஃபுளோரிடாவுல 2005ல கண்டுபிடிச்சாங்க, அதுக்கு முன்னாடி 2003-04 பருவத்துல 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு எடுத்த மாநிலம் 2023-24ல 2 கோடிப் பெட்டிக்கும் கீழ போயிடுச்சு, அவ்ளோ பணமும் ஆராய்ச்சியும் இருந்தும். அங்க தண்டுல ஆன்டிபயாட்டிக் ஊசி போடுறாங்க, அது மரத்தைக் கொஞ்ச காலம் தூக்கி நிறுத்துது, குணமாக்கல. நம்ம கொல்லைல யாரும் மனுஷ மாத்திரையக் கரைச்சு மரத்துக்கு ஊத்த வேண்டாம், தயவு செஞ்சு.

சின்ன மரம், இன்னும் காய்ப்புக்கே வரல, தோட்டத்துல ஒண்ணு ரெண்டுலதான் இருக்குன்னா யோசிக்காம எடுத்துடுங்க. எடுக்குறதுலயும் ஒரு முறை இருக்கு. வெட்டுறதுக்கு முந்தின நாள் பூச்சிமருந்து அடிச்சுடணும், இல்லன்னா வெட்ட வெட்ட அதுல இருக்குற சில்லிட் எல்லாம் பறந்து பக்கத்து மரத்துக்குப் போயிடும். அப்புறம் வேரோட தோண்டி எடுக்கணும், அடிக்கட்டைய விட்டா துளிர்க்கும், அந்தத் துளிர்லயும் நோய் இருக்கும். காஞ்ச கட்டைல பாக்டீரியா உயிரோட இருக்காது, அடுப்புக்குத் தாராளமா எரிக்கலாம். நோய்க் கிளைய மட்டும் கழிச்சா போதும்னு சொல்லுவாங்க, அது பலிக்காது, ஒரு கிளைல தெரியும்போதே வேர் வரைக்கும் எறங்கியிருக்கும். மேல அறிகுறி தெரியுறதுக்கு முன்னாடியே சல்லிவேர்ல மூணுல ஒரு பங்கு போயிடுதுன்னு ஃபுளோரிடாவுல பாத்திருக்காங்க.

பெரிய மரம், பத்து வருஷமா பழம் குடுத்துக்கிட்டிருக்கு, மனசு வரல, சுத்துவட்டாரத்துல வேற சிட்ரஸ் தோட்டமும் இல்லன்னா கொஞ்ச வருஷம் பராமரிச்சு எடுக்கலாம், ஆனா பூச்சிய விடாம கட்டுப்படுத்துறதா இருந்தா மட்டும். வேர் கொறஞ்சுபோன மரத்துக்கு ஒரே நேரத்துல நெறைய தண்ணி, நெறைய உரம் குடுத்தா எடுத்துக்க முடியாது. சொட்டுநீர் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க, உரத்தையும் நாலஞ்சு தவணையா பிரிச்சுப் போடுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை துளிர் வர்ற நேரத்துல லிட்டருக்கு துத்தநாக சல்பேட் 5 கிராம், மக்னீசியம் சல்பேட் 5 கிராம், ஃபெரஸ் சல்பேட் ரெண்டரை கிராம், போரிக் ஆசிட் 1 கிராம், மாங்கனீசு சல்பேட் அரை கிராம் கலந்து எலைல அடிக்கலாம். மரம் பச்சை திரும்பும், பழம் பெருக்கும், ஆனா நோய் உள்ளதான் இருக்கும். அந்த மரத்துல இருந்து ஒரு மொட்டு கூட யாருக்கும் ஒட்டுக் கட்டக் குடுக்காதீங்க, சொந்தக்காரங்க கேட்டாலும்.

பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லிடுங்க. சில்லிட் வேலி பாத்து நிக்காது, நீங்க மட்டும் மருந்தடிச்சு பக்கத்துல அடிக்கலன்னா அடுத்த துளிருக்கு அங்க இருந்து வந்துடும். துளிர் வர்ற வாரத்துல நாலு வீட்டுக்காரங்க பேசி வெச்சு ஒரே நாள்ல அடிச்சா பலன் நல்லாவே தெரியும்.

மரத்தை எடுத்த குழில மறுபடி சாத்துக்குடியே வைக்கலாமான்னா வைக்கலாம், இந்த பாக்டீரியா மண்ணுல தங்காது. பழைய வேரத் துண்டு விடாம பொறுக்கிட்டு, குழிய வெயில்ல காய விட்டு, பூச்சி இல்லாத நர்சரி கன்ன வலைப்பையோட வைங்க. நடுவுல நடுவுல கொய்யா வைக்கிற பழக்கம் வியட்நாம்ல மெகாங் டெல்டா விவசாயிங்ககிட்ட இருக்கு, கொய்யா வாசனைக்கு சில்லிட் ஒதுங்குதுன்னு பாத்திருக்காங்க, மத்த நாடுகள்ல பண்ணிப் பாத்தப்போ அந்த அளவுக்குப் பலன் வரல. நம்ம மண்ணுல கொய்யா எப்படியும் காய்க்கும், அதனால சாத்துக்குடிக்கு ஒரு வருஷம் முன்னாடியே வரிசைக்கு நடுவுல கொய்யாவ வெச்சுடுங்க, பூச்சி ஒதுங்கலன்னாலும் சாத்துக்குடி காய்ப்புக்கு வர்ற நாலஞ்சு வருஷத்துக்கு உழவர் சந்தைக்குக் கொண்டு போக கொய்யா இருக்கும்.